கடல்தண்ணீருக்குப் போனவர்

முள்ளியவளை
10.02.1986

தில்லைநாதன் ஐயாவுக்கு வீரம்மா எழுதுவது.

நீங்கள் பாங்கொக்குக்குப் படிக்கப் போய் நாலு மாதமாகிறது. இதுவரை இறால் பண்ணைச் செய்திகளை உங்களுக்கு எழுதியது முத்துலிங்கம் தம்பி. அவர் தைப்பொங்கலுக்கு மூன்றாம் நாள் இந்தியாவுக்குப் போய்விட்டாராம். சொல்லிக்கொண்டு போகவில்லை, பண்ணைப் பூட்டின் திறப்பு மட்டும் எங்கள் வாசல் படலையில் தொங்கியது. ஆக, தொட்டி கழுவ வந்த நான்தான் இப்போது பண்ணைக்குப் பொறுப்பு. சிரிக்காதீர்கள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் தலைமுறையில் நீங்கள் பொறுக்கி வைத்த இறாலில் ஆண் ஒன்பது, பெண் நாற்பத்திரண்டு உயிரோடு இருக்கின்றன. வால் ஓரத்தில் நீங்கள் வெட்டிய அடையாளம் ஓடு கழற்றும்போதெல்லாம் வளர்ந்து மூடிவிடுகிறது. மாதம் ஒரு தடவை நானே கத்தரிக்கோலால் திரும்ப வெட்டுகிறேன். இன்னொன்றும் செய்தேன். நீங்கள் "கழிவு" என்று தள்ளிய சின்ன ஆண்களில் மூன்றை உடைந்த தொட்டியில் தனியே போட்டிருக்கிறேன். பிழையானால் சொல்லுங்கள்.

இப்போது எழுத வந்த விசயம். குஞ்சு பொரித்த முதல் மாதம் அவற்றுக்கு அரை உப்புத் தண்ணீர் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரைக் கடலிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவருகிறவர் என் வீட்டுக்காரர் சுடலைமுத்து. முல்லைத்தீவு இராணுவ முகாமைத் தாண்டித்தான் கடல். போன கிழமை காவலில் நின்றவன் பீப்பாயில் என்ன என்று கேட்டான். கடல்தண்ணீர் என்றிருக்கிறார். கடல்தண்ணீரை யார் வீட்டுக்குக் கொண்டுபோவான் என்று நினைத்தானோ, ஒரு தகரப் பேணி நிறைய அள்ளி, குடி என்று நீட்டினான். குடித்தார். இன்னொரு பேணி. அதையும் குடித்தார். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குந்தி ஓங்காளித்துவிட்டு, "கடல் தண்ணியத்தானே கொண்டு வாறேன், கஞ்சாவா கொண்டு வாறேன்" என்று பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு அடையாள அட்டை இல்லை. எனக்கும் இல்லை. பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆட்களுக்கு யார் அட்டை தருவார்கள்? நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பண்ணைக் கடிதத்தைத்தான் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். அது மார்கழியோடு காலாவதி. புதுக் கடிதம் ஒன்று எழுதி அனுப்புங்கள், ஐயா. மற்றதெல்லாம் பிறகு.

வீரம்மா


பாங்கொக்
04.03.1986

அன்புள்ள வீரம்மாவுக்கு,

நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. முத்துலிங்கத்தின் செய்தி கவலை தந்தாலும் பண்ணை உமது கையில் இருக்கிறது என்பதில் எனக்கு ஆறுதல்.

ஒன்றை நீர் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். வன்னியில் சின்னக் குளங்கள் ஆவணிக்குள் வற்றிவிடும். ஆறு மாதத்தில் விற்கிற அளவுக்கு வளராத இறால் அங்குள்ள குடியேற்றவாசிக்குப் பயன்படாது. அதற்காகத்தான் ஆற்று முகத்தில் பிடித்த இறாலில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் விரைவாக வளர்ந்தவற்றை மட்டும் சோடி சேர்த்து வருகிறேன். நாலு வருடம். ஐந்தாம் தலைமுறை பொரிக்காவிட்டால் திரும்பவும் ஆற்று முகத்தில் வலையோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே அந்த மூன்று சின்ன ஆண்களையும் அப்புறப்படுத்தும். தப்பித் தவறி ஒரு பெண்ணோடு சேர்ந்தால் நாலு வருட உழைப்பும் கலங்கிவிடும்.

தண்ணீர் விசயத்தில் குறுக்கு வழி இல்லை. கடை உப்பைக் கரைத்து விட வேண்டாம், குஞ்சு சாகும். பெண் வயிற்றடியில் சுமக்கிற முட்டை செம்மஞ்சளிலிருந்து சாம்பல் நிறமாகும்போது இரண்டு மூன்று நாள்தான் தவணை. அதற்குள் கடல்தண்ணீர் தொட்டிக்குள் நிற்க வேண்டும். சுடலைமுத்துவை ஒரே நேரத்தில், ஒரே பாதையில் போகச் சொல்லும். காவலில் நிற்பவர்களுக்கு முகம் பழகிவிட்டால் பிறகு கரைச்சல் இராது.

இங்கே குளங்களைப் பார்த்தால் உமக்கு ஆசையாக இருக்கும். அடுத்த கடிதத்தில் விபரமாக எழுதுகிறேன்.

க. தில்லைநாதன்


முள்ளியவளை
27.03.1986

ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு உறையைக் கிழித்து விரித்தும் பார்த்தேன். பண்ணைக் கடிதம் உள்ளே இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முட்டை என்ன நிறமாகும் என்று எழுத மறக்காத நீங்கள் அதை எப்படி மறந்தீர்கள்?

முகம் பழகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பழகிவிட்டது, ஐயா. இந்த மாதம் எட்டாம் திகதி தூரத்தில் வரும்போதே அடையாளம் கண்டு வண்டியை மறித்தார்கள். காலாவதியான கடிதத்தைக் காட்டியிருக்கிறார். திகதியை விரலால் தொட்டுக் காட்டி, துவக்குப் பிடியால் பிடரியில் ஒன்று போட்டார்கள். இரண்டு பீப்பாயையும் வைத்துக்கொண்டு வெறும் வண்டியோடு அனுப்பினார்கள். இப்போது இடது பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்புகிறார்.

அந்தக் கிழமை ஒரு பெண் இறால் சாம்பல் நிற முட்டையோடு நின்றது. கடை உப்பைக் கரைத்து விட்டேன். உங்கள் கடிதம் வர முந்தியே செய்தது. நாலாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் மா தூவினாற்போல் எல்லாம் கிடந்தன. அதைக் கழுவி ஊற்றும்போது அழுதேன் என்றால் நம்புவீர்களா? பேச்சியம்மா பார்த்துவிட்டு எனக்குப் பைத்தியம் என்றாள். முந்தி விசுவமடுவில் நாங்கள் இருந்தபோது பக்கத்துக் காணிக்காரி அவள், இப்போது எங்களோடு இருக்கிறாள்.

சின்ன ஆண்கள் மூன்றையும் நான் அப்புறப்படுத்தவில்லை. கோபிக்காமல் கேளுங்கள். தனியே போட்டு எட்டுக் கிழமையில் மூன்றில் ஒன்று நீங்கள் பொறுக்கிய பெரியவனைவிட அரை விரல் கூட வளர்ந்துவிட்டது. கொடுக்குக் கையும் நீலமாகிவிட்டது. நான் தினமும் தொட்டியடியில் நிற்கிறவள். பெரிய நீலக்கைக்காரன் ஒருவன் நின்றால் மற்றதுகள் மூலையில் ஒதுங்கும், தீனிக்குக்கூட வராது. அவனை எடுத்துவிட்டால் மறுநாளே அசையும். அதுகளின் உடம்பில் குறை இல்லை, ஐயா. பயந்து வளராமல் நின்றவை அவை. நீங்கள் பெரியவனைப் பொறுக்கவில்லை, மற்றவற்றை அடக்கி வைத்தவனைப் பொறுக்கினீர்கள்.

அதனால் நானே ஒரு வேலை செய்துவிட்டேன். அந்தச் சின்னவனை உங்கள் மிகப் பெரிய பெண் இறாலோடு விட்டிருக்கிறேன்.

இவர் இனிக் கடலுக்குப் போக மாட்டேன் என்கிறார். நானும் போகச் சொல்லவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் கலஹாத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் எரிந்தபோது தேயிலைக்குள் படுத்துக் கிடந்து தப்பி வந்தவர்கள் நாங்கள். ஓட எங்களுக்குத் தெரியும், ஆனால் இதற்கு மேல் ஓட இடம் தெரியாது. கடிதத்தை அனுப்புங்கள்.

வீரம்மா


பாங்கொக்
19.04.1986

அன்புள்ள வீரம்மாவுக்கு,

வெட்கத்தோடு எழுதுகிறேன். உமது முதல் கடிதத்தில் எண்ணிக்கை இருந்த பக்கத்தைத்தான் நான் நாலு தரம் வாசித்தேன். மற்றப் பக்கத்தை ஒரு தரம். இதுதான் உண்மை, வேறு சாட்டுச் சொல்ல என்னிடம் இல்லை. சுடலைமுத்துவின் கழுத்தை முல்லைத்தீவில் காட்டாமல் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டும்.

பண்ணைக் கடிதம் இதோடு இருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். அவர் பெயர், வயது, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் போட்டிருக்கிறேன்.

ஆனால் இனி அவரைக் கடலுக்கு அனுப்ப வேண்டாம். இதைக் கவனமாக வாசியும். இங்கே கடலிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்திலுள்ள ஊர்களில் இறால் குஞ்சு பொரிக்கிறார்கள். கேட்டால் உப்பளத்தில் வற்றிக் கடுத்த தண்ணீரை வாங்கி வந்து கிணற்றுத் தண்ணீரோடு கலக்கிறோம் என்றார்கள். கடை உப்பில் இல்லாத சத்தெல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு எங்கள் நந்திக்கடல் உப்பேரி ஞாபகம் வந்தது. அதன் மேற்குக் கரையில், வயல் பக்கமாக, சித்திரை வெயிலுக்குக் குட்டை குட்டையாகத் தண்ணீர் ஒதுங்கி நிற்கும். நாக்கில் வைத்தால் எரிகிற குட்டையாகப் பார்த்து ஒரு தண்ணீர்க் கான் அள்ளும். அதற்கு ஒன்பது கான் கிணற்றுத் தண்ணீர் கலந்தால் போதும். அங்கே முகாமும் இல்லை, காவலும் இல்லை. நாலு வருடம் அந்தக் கரையால் சைக்கிளில் போய் வந்தவன் நான். ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா?

சின்ன ஆண்களைப் பற்றி நீர் எழுதியதை இங்குள்ள ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். உமது பெயரைச் சொன்னேன்.

க. தில்லைநாதன்


முள்ளியவளை
07.05.1986

ஐயாவுக்கு,

தபால் வரவில்லை. மூன்று நாளாகத் தபால் கந்தோரில் போய் நின்று பார்த்தேன். பாதை பூட்டு, பை வரவில்லை என்கிறார்கள்.

சின்னவனோடு விட்ட பெண் இறால் முட்டையோடு நிற்கிறது. இன்று காலை தூக்கிப் பார்த்தேன், மஞ்சள் மங்கத் தொடங்கிவிட்டது. வருகிற கிழமை நடுவில் பொரித்துவிடும்.

வருகிற திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். வருடா வருடம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடல்தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து காட்டு விநாயகர் கோயிலில் வைத்து அதிலேயே விளக்கெரிப்பார்கள். இந்தமுறை தீர்த்தக் கூட்டத்தை மறிக்க மாட்டோம் என்று முகாமில் சொல்லியிருக்கிறார்களாம். அந்தக் கூட்டத்தின் பின்னால் இவரும் பேச்சியம்மாவும் ஆளுக்கொரு கானோடு போய் வருவதென்று யோசித்திருக்கிறோம். தீர்த்தத்தோடு போகிற செல்வராசா அண்ணரிடம் கேட்டேன். தெய்வ காரியத்துக்குள் இறால் காரியத்தை நுழைக்கிறேனே என்று எனக்கு நா கூசியது. அவர், "அம்மாளாச்சிக்கு உயிர் எல்லாம் ஒண்டுதான். குடத்துக்குக் கிட்ட வராமல், மீன் மச்சம் சாப்பிடாமல் பின்னால வரச் சொல்லுங்கோ" என்றார்.

இவர் முதலில் முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த முகத்தை நான் காட்டியிருக்கக் கூடாது. ஐந்து நாளாக வீட்டில் மச்சம் இல்லை. நான் இறால் தொட்டிக்குள் கை வைத்துவிட்டு ஒவ்வொரு தரமும் முழுகுகிறேன்.

பயமாக இருக்கிறது, ஐயா. முகாமுக்குப் பயமா அம்மனுக்குப் பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு முதல் உங்கள் கடிதம் வந்துவிட்டால் நல்லது.

வீரம்மா


முள்ளியவளை
20.05.1986

ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை.

போகும்போது யாரையும் மறிக்கவில்லையாம். கடலில் தீர்த்தம் எடுத்து, கானையும் நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். முகாம் வாசலில் குடத்தோடு போனவர்களை விட்டார்கள். பெண்களையும் விட்டார்கள், பேச்சியம்மா கானைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். இவரைப் பார்த்ததும் ஒருவன் கையைத் தட்டிக் கூப்பிட்டானாம், தெரிந்த ஆளைக் கூப்பிடுவதுபோல. அட்டை கேட்டான். இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பேச்சியம்மா அதற்குமேல் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தன்னையும் கூப்பிடுவான் என்று பயந்துவிட்டாளாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

அவள் கொண்டுவந்த ஒரு கானைத் தொட்டியில் ஊற்றினேன். செவ்வாய் இரவே குஞ்சு பொரித்துவிட்டது. அது போதாது என்று தெரியும். மறுநாள் உங்கள் கடிதத்தை வாசித்தேன். வாசித்துவிட்டு நந்திக்கடல் கரைக்கு நடந்து போய்க் குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. வயலோரம் ஒரு சனமும் இல்லை. கொக்கு மட்டும் நின்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் உங்கள் பண்ணைக் கடிதத்தைக் கொண்டு முகாமுக்குப் போனேன். செல்வராசா அண்ணரும் வந்தார். பெரிய அதிகாரி ஒருவன் அதை வாங்கி வாசித்தான். மேலே கடிதம் எழுதுகிற வழக்கப்படி பாங்கொக் விலாசம் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு எங்கள் முகாமைத் தாண்டி ஆள் அனுப்புகிற இந்தத் தில்லைநாதன் யார் என்று கேட்டான். இறால் என்றேன். குஞ்சு என்றேன். கூட நின்றவன் அதைச் சிங்களத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டவன் நேரில் வந்து என் ஆள்தான் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

உங்களை மட்டும் குற்றம் சொல்லி எழுத நினைத்தேன். முடியவில்லை. இந்த முட்டை உங்கள் பெரியவனுடையதாக இருந்திருந்தால் நான் கழுவி ஊற்றிவிட்டு இருந்திருப்பேன். இது நான் பொறுக்கிய சின்னவனுடையது. நான் சொன்னது சரி என்று ஒருவருக்காவது காட்ட வேண்டும் என்றிருந்தது. அதற்காகத்தான் அவரைப் போக வைத்தேன்.

நீங்கள் வர வேண்டும். இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வீரம்மா


பாங்கொக்
11.06.1986

வீரம்மாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இதுவரை உங்களை நீர் என்று எழுதி வந்தேன். இனி அப்படி எழுதக் கை வரவில்லை.

உடனே ஒரு பதில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், எத்தனை குஞ்சு தப்பியது என்ற கேள்வி இரண்டாவது வரியிலேயே நின்றது. கிழித்துப் போட்டேன். அடுத்ததையும் கிழித்தேன். இது மூன்றாவது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்றார்கள். சித்திரையிலேயே சம்மதம் என்று சொல்லிவிட்டேன், உங்களுக்கு எழுதவில்லை. படிப்புக்காக அல்ல. போன வருடம் வவுனியாவில் ஆமிக்காரர் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள், இரண்டு மணி நேரம். ஒன்றும் செய்யவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு காக்கி நிறத்தைக் கண்டால் எனக்குப் பயம், தெரு மாறிப் போகிறேன். பாங்கொக் தபால்காரனைக் கண்டும் அப்படிப் போயிருக்கிறேன். பெரிய இறாலுக்குப் பயந்து சின்னது வளராமல் நிற்கும் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது, இதை எனக்குத்தான் எழுதினீர்களோ என்று நினைத்தேன்.

சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். யூலை 12ஆம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். வெள்ளவத்தையில் மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கி, 15ஆம் திகதி ரெயிலில் வவுனியா வருவேன்.

ஒரு உதவி. என் அடையாள அட்டை பண்ணை அறையில் மேசை லாச்சியில், தராசுப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. இங்கே பாஸ்போர்ட் போதும் என்று விட்டுவிட்டு வந்தேன். அது இல்லாமல் வவுனியாவைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு 15ஆம் திகதி வவுனியா ரெயில் நிலையத்துக்கு வந்தால் சேர்ந்தே முகாமுக்குப் போகலாம்.

தில்லைநாதன்


முள்ளியவளை
30.06.1986

ஐயாவுக்கு,

பண்ணைப் புத்தகத்தில் நீங்கள் எழுதி வைத்திருந்த உங்கள் மாமாவின் வெள்ளவத்தை விலாசத்துக்கே இதை எழுதுகிறேன். அட்டை லாச்சியில் நீங்கள் சொன்ன இடத்தில் இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி இந்த உறைக்குள் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வவுனியாவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் அட்டையைக் கொண்டுவர என்னிடம் அட்டை இல்லையே, ஐயா. அதை எழுதும்போது உங்களுக்கு அது ஞாபகம் வரவில்லை. பரவாயில்லை. தபாலுக்கு அட்டை கேட்க மாட்டார்கள்.

இவரைப் பற்றி ஒரு செய்தி. முகாமிலிருந்து விடுபட்டு வந்த தண்ணீரூற்று ஊர்ப் பெடியன் ஒருவன், போன மாதம் இருபத்தெட்டாம் திகதி அவரை உள்ளே கண்டேன் என்றான். உயிரோடு இருந்தாராம். இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிற மனுசனா என்று அவனே கேட்டான். அதனால் நம்பினேன். இந்த மாதம் முதல் கிழமையில் லொறியில் ஏற்றி வவுனியா முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நீங்கள் ரெயிலால் இறங்குகிற ஊரில்தான் அவர் இருக்கிறார். ஆகையால் முள்ளியவளைக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். இறங்கியதும் முதலில் அங்கே போங்கள். புருவத்துத் தழும்பு உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கிழித்துப் போட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன், மனதுக்குள் வைத்துக்கொண்டு வரத் தேவையில்லை. நந்திக்கடல் குட்டையில் ஒன்றுவிட்டொரு நாள் ஒரு கான் அள்ளினேன். கோழி முட்டையை அவித்து வலையில் உரசித் தீனி கொடுத்தேன். முப்பத்து நாலாம் நாள் மிதந்து திரிந்த குஞ்சுகள் காலூன்றித் தரையில் நடக்கத் தொடங்கின. எண்ணினேன், ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு. நேற்றிலிருந்து முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒன்றும் சாகவில்லை. இனி அதுகளுக்கு உப்பு வேண்டாம், கடலுக்கு யாரும் போகவும் வேண்டாம். எனக்கு ஆள்தான் வேண்டும்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தீர்த்தத்துக்குப் போன அன்று காலை இவருக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. நான்தான் பூட்டிவிட்டேன். பயத்தோடேயே கானைத் தூக்கிக்கொண்டு போனார். நீங்களும் பயத்தோடேயே வாருங்கள்.

வீரம்மா